கைரேகை வைக்க மறுத்தவர்கள்

எங்க ஸ்ரீவைகுண்டம் பக்கம் 'கைநாட்டு'ன்னா எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குத்திக் காட்டுற வார்த்தை. ஆனா அந்தக் கைரேகையை வைக்க மாட்டோம்னு 1930-ல் ஒரு பெரிய வேலைநிறுத்தமே நடந்திருக்கு, கோலார் தங்கவயலில்.

சுரங்கத்தை நடத்தியது ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. தொழிலாளிகளில் பெரும்பாலோர் வட ஆற்காடு மாதிரியான மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித்துகள். பூமிக்கடியில் வெக்கை, பாறை வெடிப்பு, நுரையீரலை அரிக்கும் தூசி. இத்தனையையும் தாங்கினவங்க, 'கைரேகை வெச்சுப் பதிவு பண்ணு'ன்னு நிர்வாகம் சொன்னதும் ஏப்ரல் மாதம் வேலையை நிறுத்திட்டாங்க. சுமார் மூணு வாரம்!

ஏன் இவ்வளவு கோபம்? அன்னைக்குக் குற்றவாளிகளிடமும், குற்றப்பரம்பரைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட சாதிகளிடமும் ரேகை எடுத்தாங்க. 1920-ல் பெருங்காமநல்லூரில் இந்தச் சட்டத்தை எதிர்த்தவங்களைப் போலீஸ் சுட்டுக் கொன்னது. 'உழைக்க வந்தோம், நாங்க என்ன திருடனா?' என்பதுதான் தங்கவயல்காரங்க கேள்வி. கடைசியில் நிர்வாகம் பின்வாங்கியது.

கூலிக்காக மட்டும்தான் தொழிலாளி போராடுவான்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். மரியாதைக்காகவும் பட்டினி கிடந்திருக்காங்க. நாமளோ ஐடி கம்பெனி வாசலில் தினமும் விரலை வெச்சுட்டு உள்ளே போறோம். எதுக்குய்யா இதுன்னு ஒருநாளாவது கேட்டிருக்கோமா மக்களே?