கயாக் படகின் தரைவழிப் பயணம்

கயாக், ஒருவரோ இருவரோ அமர்ந்து இருமுனைத் துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. அதன் வரலாறு பெரும்பாலும் கடலிலும் ஆற்றிலும் நடந்த கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு கயாக்கும் நீரை அடையும் முன் தரையைக் கடந்தாக வேண்டும். தோள், நாய்கள் இழுத்த சறுக்குவண்டி, ரயில், கார், கேம்பரை இழுக்கும் டிரக் என அதைச் சுமந்தவை மாறியபோது படகின் உடலும் மாறியது. படகு உடைவதற்கும் தொலைவதற்கும் கடலைப் போலவே தரையும் காரணமாக இருந்துள்ளது.

தோற்றம்

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், யூப்பிக் மக்களும், அலூஷியன் தீவுகளின் உனாங்கன் மக்களும் கயாக்கை வேட்டைக்காக உருவாக்கினர். மரங்கள் வளராத நிலம் என்பதால் கடல் அடித்துவந்து ஒதுக்கிய மரத்துண்டுகளையும் எலும்பையும் கொண்டு சட்டம் கட்டினர். அதன்மேல் சீல் போன்ற கடல் விலங்குகளின் தோலைத் தைத்துப் போர்த்தினர். படகின் அளவு அதைச் செலுத்துபவரின் உடலளவுக்கு ஏற்ப அமைந்தது. வேட்டைக்காரர் பனிக்கட்டியின் மேல் தாமே தூக்கிச் செல்லும் அளவுக்கு அது இலேசாக இருந்தது. பனிப்பாளங்களுக்கு இடையே நீர் திறந்தும் மூடியும் கிடக்கும் இடத்தில், தூக்க முடியாத படகால் பயனில்லை.

சறுக்குவண்டியின் மேல்

படகை வண்டியில் ஏற்றிச் செல்வதன் ஆபத்தைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு, நார்வே ஆய்வாளர் ஃபிரித்யோஃப் நான்சென் மேற்கொண்ட வடதுருவப் பயணம். அவர் 1888-ல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தபின் குளிர்காலத்தை அங்கே கழித்து, உள்ளூர் மக்களிடம் கயாக் செலுத்தக் கற்றவர். 1895 மார்ச் 14 அன்று அவரும் யால்மார் யோஹான்சனும் ‘ஃபிராம்’ கப்பலை விட்டு இறங்கி வடக்கே நடந்தனர். அவர்களிடம் 3 சறுக்குவண்டிகள், 28 நாய்கள், 2 கயாக்குகள் இருந்தன. கயாக்குகள் மூங்கில் சட்டத்தின்மேல் கித்தான் துணி போர்த்திக் கப்பலிலேயே செய்யப்பட்டவை.

திரும்பும் வழியில் திறந்த நீரைக் கடக்க அந்தக் கயாக்குகளே ஒரே வழி. ஆனால் மேடுபள்ளமான பனியில் வண்டிகள் கவிழ்ந்தபோதெல்லாம் கித்தான் கிழிந்தது, சட்டமும் முறிந்தது. அவற்றைச் சீர்செய்யாமல் கடலில் இறங்க முடியவில்லை. 1895 ஆகஸ்டில் பனியின் விளிம்பை அடைந்தபோது நிலைமை தலைகீழானது. இரு கயாக்குகளையும் சேர்த்துக் கட்டி, அவற்றின்மேல் சறுக்குவண்டிகளை ஏற்றினர். அதுவரை வண்டி படகைச் சுமந்தது. இப்போது படகு வண்டியைச் சுமந்தது.

1896 ஜூனில், கட்டிவைத்த கயாக்குகள் கயிறு நழுவி உணவுடனும் கருவிகளுடனும் நீரில் விலகிச் சென்றன. நான்சென் உறைகுளிர் நீரில் குதித்து நீந்தி அவற்றை மீட்டார். அவை போயிருந்தால் இருவரும் உயிர்பிழைத்திருக்க வாய்ப்பில்லை. சில நாட்களில், ஜூன் 17 அன்று, ஃபிரான்ஸ் யோசஃப் தீவுகளில் ஆங்கிலேய ஆய்வாளர் ஃபிரடெரிக் ஜாக்சனைச் சந்தித்து மீண்டனர்.

ரயிலில் ஏறிய படகு

ஐரோப்பிய நகரங்களில் கயாக் பொழுதுபோக்காகப் பரவியபோது, நகரவாசிக்கும் மலையாற்றுக்கும் இடையே இருந்த தூரம் தடையாக நின்றது. 1905-ல் மியூனிக்கில் கட்டடக்கலை மாணவராக இருந்த ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் மூங்கிலும் துணியும் கொண்டு, பிரித்து மடிக்கக்கூடிய படகைச் செய்தார். ரோசன்ஹைம் நகரின் தையற்காரர் யோஹான் கிளெப்பர் 1907-ல் அதன் காப்புரிமையை வாங்கி உற்பத்தியைத் தொடங்கினார். பைகளில் அடங்கிய படகை ரயிலில் ஏற்றி, ஆற்றங்கரையில் பூட்டி, நீரோட்டத்தோடு சென்று, வேறொரு நிலையத்தில் மீண்டும் ரயிலேறும் வழக்கம் உருவானது.

வேலையிழந்த ஜெர்மானியரான ஆஸ்கர் ஷ்பெக் 1932-ல் ஊல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் மடிப்புக் கயாக்குடன் புறப்பட்டார். டான்யூபிலிருந்து வார்தார் ஆற்றுக்குப் படகைத் தரைவழியே கொண்டு சென்றார். பின்னர் இந்திய, இலங்கைக் கரைகளை ஒட்டியும் துடுப்பிட்டு, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவை அடைந்தார். போர் தொடங்கியிருந்ததால் அங்கே சிறைபிடிக்கப்பட்டார். பிரித்தெடுத்துத் தூக்கிச் செல்ல முடிந்த படகே ஓர் ஆற்றை இன்னொரு ஆற்றோடு இணைக்கும் வழியை அவருக்குத் தந்தது.

கார் கூரையும் பிளாஸ்டிக்கும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் பரவலானது. அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு இடையிலான பெரும் நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. படகை மடிக்க வேண்டிய தேவை குறைந்தது. 1950களில் கண்ணாடியிழைக் கயாக்குகளும், 1970களில் அச்சில் வார்த்த பாலிஎத்திலீன் கயாக்குகளும் வந்தன. பிந்தையவை பாறையில் மோதினாலும் எளிதில் உடையாதவை, விலை குறைந்தவை; ஆனால் எடை மிகுந்தவை. வாகனம் சுமக்கும் என்பதால் படகு கனமாகலாம் என்ற நிலை வந்தது.

டிரக்கும் கேம்பரும்

குடும்பத்தோடு ஏரிக்கரையில் தங்கச் செல்வோர் பிக்கப் டிரக்கின் பின்னால் கேம்பரை இழுத்துச் செல்லத் தொடங்கியபோது பழைய சிக்கல் புது வடிவில் எழுந்தது. டிரக்கின் தளம் பெரும்பாலும் 1.7 முதல் 2.4 மீட்டர் நீளமே. கயாக் 3 முதல் 5 மீட்டர். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் படகு, வண்டி திரும்பும்போது கேம்பரின் முன்மூலையில் இடிக்கும். கேம்பரின் கூரை உயரமானது. பெரும்பாலும் பாரம் தாங்கும் வகையில் கட்டப்படுவதில்லை. கேம்பரின் பின்முனையில் தொங்கவிட்டால் கொக்கியின்மேல் இறங்கும் எடை குறைந்து, கேம்பர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான விதி. 2,500 கிலோ கேம்பர் என்றால் அது 250 முதல் 375 கிலோ. டிரக் சுமக்கக்கூடிய பாரத்தின் கணக்கில் இந்த எடையும், பயணிகளும், படகுகளும், படகுத் தாங்கியும் சேரும். ஆகவே டிரக்கின் முன்னறைக்கு மேலாக நீளும் உயர்ந்த தாங்கியில் படகைப் படுக்கவைத்து, நடுவில் இரு பட்டைகளாலும் முனைகளில் கயிறுகளாலும் கட்டும் முறை பரவியது. நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று படகின் முனையைத் தூக்கும் என்பதால் முனைக்கயிறு இன்றியமையாதது. அவிழ்ந்து விழும் படகு பின்னால் வருபவரின் உயிரைப் பறிக்கலாம்.

படகோடு பயணித்தவை

தரைவழிப் பயணம் நீர்நிலைகளையும் மாற்றியது. வரிக்குதிரைச் சிப்பி என்ற அயல் உயிரினம் 1988-ல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. வாகனங்களில் ஏற்றிச் சென்ற படகுகள் அது உள்நாட்டு ஏரிகளுக்குப் பரவியதற்கு முக்கியக் காரணமாயின. அதன் உறவினமான குவாகா சிப்பி 2007-ல் மேற்கே மீட் ஏரியில் கண்டறியப்பட்டது. பல அமெரிக்க மாநிலங்கள் சாலையோரப் படகுச் சோதனை நிலையங்களை அமைத்தன. கயாக்கும் இதற்கு விலக்கல்ல. ஓர் ஏரியை விட்டு வெளியேறும்போது படகைக் கழுவி, நீரை வடித்து, உலர்த்த வேண்டும் என்பது பரவலான அறிவுரை.

தோளில் சுமந்த காலத்தில் கயாக் அதை உருவாக்கிய மக்களின் கரையோரத்தை விட்டு வெகுதூரம் போகவில்லை. இயந்திரம் சுமக்கத் தொடங்கியபின் எந்த நீருக்கும் எந்தப் படகும் போகலாம் என்றானது. அதனால் முன்பு படகின் எடையிலேயே அடங்கியிருந்த கட்டுப்பாட்டை, இன்று பாரக்கணக்கும் சாலைவிதியும் சோதனை நிலையமும் ஏற்றிருக்கின்றன.