சாந்தி பவன்

பெங்களூரு, ஓசூர் சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான இலவச உறைவிடப் பள்ளி. 1997இல் அமெரிக்கவாழ் தொழிலதிபரும் முன்னாள் இந்திய இராணுவ அதிகாரியுமான ஆபிரகாம் ஜார்ஜ் தொடங்கினார். பள்ளி இருக்கும் பாலிகானபள்ளி தமிழ்நாட்டு எல்லைக்குள், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் (அப்போது தருமபுரி) உள்ளது. ஆனால் அதன் உயர்கல்வி வாசல் பெங்களூருதான். பிளஸ் டூ முடித்த பலர் அந்நகரக் கல்லூரிகளுக்கே செல்கின்றனர்.

பிள்ளைகள் ஏறக்குறைய 4 வயதில், மழலையர் வகுப்பிலேயே சேர்க்கப்படுகிறார்கள். பெரும்பாலோர் தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பத்தினர். உணவு, உடை, மருத்துவம், ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டக் கல்வி, பிறகு கல்லூரிச் செலவு எல்லாமே நிறுவனத்தின் பொறுப்பு. விடுமுறையில் மட்டும் வீடு.

ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளையை மட்டுமே எடுப்பது வழக்கம். உதவி பல குடும்பங்களுக்குப் பரவ வேண்டும், படித்து வேலைக்குப் போகும் பிள்ளை வீட்டைத் தூக்கி நிறுத்தும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அந்தச் சுமை விழுவது ஒரு சின்னத் தோளில். வெளியே நின்றுவிடும் தம்பி தங்கைகளின் கேள்விக்கும் அதில் விடையில்லை. இந்த இழுபறியைத்தான் பள்ளியின் மாணவிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட ‘டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ (நெட்ஃபிளிக்ஸ், 2017) ஆவணத்தொடர் காட்டுகிறது. இயக்கியவர் வனெஸ்ஸா ராத்.

தொடக்கத்தில் பள்ளியைத் தாங்கியது பெரும்பாலும் நிறுவனரின் சொந்தப் பணம். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வெளி நன்கொடைகளை நம்ப வேண்டியதாயிற்று.