திருக்காவலூரில் தேடிய அடைக்கலம்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்துத் திருமானூருக்கு அருகில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680-ல் பிறந்து 1710-ல் இந்தியா வந்த யேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். கோயிலில் வீற்றிருப்பவள் அடைக்கல மாதா. அவள் மேல் அவர் திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் பாடினார்.

பாவிகளுக்கு அடைக்கலம் என்று மரியாளை அழைப்பது லொரேட்டோ மன்றாட்டு மாலையிலேயே உள்ள பழைய வழக்கம். மன்னிப்பவர் கடவுளே, தாய் பரிந்து பேசுகிறாள். தஞ்சம் என்று வந்தவரைக் கைவிடாத மரபில் வளர்ந்த தமிழருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயர் ராஜபிளவை என்ற கட்டியால் துன்புற்று, இங்கே குணமடைந்து, கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் அடைக்கலம் தேடி வருகிற பாவி மனந்திரும்ப வேண்டும். அந்த மனந்திரும்புதலை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுபோனவர்கள், மக்களுக்கு வேதம் கற்பித்த உபதேசியார்கள்தான்.

வீரமாமுனிவர் பணியாற்றிய யேசு சபையின் மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலர், கிராமங்களோ ஏராளம். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்ய மக்கள் குருவின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒருவருக்குச் சாவு வந்துவிட்டால்? பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தோடு, கடவுள் மேலுள்ள அன்பினால் உண்மையாக மனம் வருந்துகிறவருக்கு, குரு வந்து சேரும் முன்பே மன்னிப்பு உண்டு என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551-ல் கூறியிருந்தது. சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் அமர்ந்து அந்த மன வருத்தத்தைச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொடுப்பவர் உபதேசியார். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பவரும் அவரே. வேதியர் என்றும் அழைக்கப்பட்ட இந்த உபதேசியார்களுக்காகத்தான் வீரமாமுனிவர் 1727-ல் வேதியர் ஒழுக்கம் என்ற நூலை எழுதினார். பிறருக்குப் போதிக்கிறவன் முதலில் தன் ஆத்துமத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை அந்த உரைநடை நூலுக்கு அடித்தளம்.

அதே காலகட்டத்தில் கடற்கரையில் வேறொரு குரல் எழுந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் ஊழியர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாகிறான் என்பது லுத்தரன்களின் போதனை. இரட்சிப்பு கடவுளின் இலவசக் கொடை என்பதில் கத்தோலிக்கர், லுத்தரன்கள் என்ற இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. மனிதனின் ஒத்துழைப்புக்கும் தேவதிரவிய அனுமானங்களுக்கும் அதில் உள்ள இடம் எது என்பதில்தான் பிளவு. வீரமாமுனிவர் வேதவிளக்கம் என்ற நூலை எழுதி லுத்தரன்களைக் கடுமையாகவே மறுத்தார். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த வழக்கு இப்படிக் காவிரிப் படுகையில் தமிழில் நடந்தது. ஆனாலும் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்.

வீரமாமுனிவரின் காப்பியமான தேம்பாவணியைப் போற்றுகிற நாம் வேதியர் ஒழுக்கத்தை மறந்துவிட்டோம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிறித்தவ முன்னோர் எப்படி மனம் வருந்தக் கற்றார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் அந்த நூலைத் தேடிப் படிக்க வேண்டும்.