செயற்கைப் புல்தரை: மூடிய அரங்கிலிருந்து நீச்சல்குளக் கரை வரை

கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா ஆகிய அமெரிக்க மாநிலங்களில் வீட்டின் பின்புறம் நீச்சல்குளம் வைத்திருப்போர் பலர், அதன் கரையைச் சுற்றிச் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். அதை வெட்ட வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஈரக் காலில் மண் ஒட்டிக் குளத்துக்குள் போவதுமில்லை. ஆனால் இந்தப் புல் முதலில் உருவானது வீட்டுத் தோட்டத்துக்காக அன்று, பள்ளிப் பிள்ளைகளுக்காக.

1950களின் இறுதியில், நகரங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஓடியாட மண்தரை இல்லை என்ற கவலை அமெரிக்கக் கல்வியாளர்களிடையே எழுந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் 1958இல் தொடங்கப்பட்ட கல்விக்கூட வசதிகள் ஆய்வகம், புல்லைப் போன்ற மெத்தென்ற தரை ஒன்றை உருவாக்க ஊக்கம் அளித்தது. மான்சாண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த கெம்ஸ்டிராண்ட் என்ற செயற்கை இழை நிறுவனம் அந்தப் பணியை ஏற்றது. 1964இல் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில் அதன் நைலான் புல் விரிக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் ‘கெம்கிராஸ்’.

அதைப் புகழ்பெறச் செய்தது ஒரு கட்டடக் குறைபாடுதான். 1965இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்டது. முழுவதும் கூரையால் மூடப்பட்ட பேஸ்பால் அரங்கம் அது. உள்ளே இயற்கைப் புல் வளரவேண்டும் என்பதற்காகக் கூரையில் ஒளிபுகும் பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். பகல் ஆட்டங்களில் அவற்றின் கூச்சத்தால், உயரே எழும்பிய பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது! அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள், காய்ந்த புல்லுக்கும் வெறும் மண்ணுக்கும் பச்சைச் சாயம் அடித்து ஆடப்பட்டன. 1966இல் கெம்கிராஸ் அங்கே வந்தது. போதுமான அளவு உற்பத்தி இல்லாததால் முதலில் உட்களத்திலும், சில மாதங்கள் கழித்தே வெளிக்களத்திலும் விரித்தார்கள். அரங்கின் பெயரை ஒட்டி ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்ற வணிகப் பெயர் அப்போது பிறந்தது.

நம் நாட்டையும் இந்தப் புல் பாதித்தது. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் ஹாக்கி உலகக்கோப்பையை வென்ற இந்திய அணி, அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்குப் போனது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அங்கேதான். 1980இல் மாஸ்கோவில், தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், செயற்கைத் தரையிலேயே இந்தியா தங்கம் வென்றது.

வீடுகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் வீட்டு நீச்சல்குளங்கள் வேகமாகப் பெருகின. 1960, 70களில் குளக்கரைச் சிமெண்டின் மேல் பச்சை நிறக் குட்டை இழைக் கம்பளங்களை ஒட்டினார்கள். பார்ப்பதற்குக் கால்மிதி போலவே இருக்கும். வெயிலில் வெளுத்தன, அடியில் ஈரம் தங்கியது. 1990களில் நீண்ட, மென்மையான பாலிஎதிலீன் இழைகள் வந்த பிறகுதான் அது புல்லைப் போலத் தோன்றத் தொடங்கியது. இந்த இழையைக் குளத்துக் குளோரின் எளிதில் அரிப்பதில்லை.

இப்போது புல்லைச் சிமெண்டில் நேரே ஒட்டுவதை விட, அடித்தளம் அமைத்தே பெரும்பாலும் பதிக்கிறார்கள். மேல்மண்ணை அகற்றி, உடைகல் நிரப்பி, இறுக்கி, குளத்திலிருந்து வெளிப்புறமாகச் சரிவு கொடுக்கிறார்கள். சரிவு தவறினால் அழுக்கு நீர் குளத்துக்கே திரும்பிவிடும். துளையிட்ட அடித்துணி வழியே நீர் கீழிறங்கும். இழைகளுக்கிடையே மணல் தூவுவது அவை படியாமல் நிற்க உதவும். விளையாட்டுக் களங்களில் போடும் ரப்பர்த் துகள் குளக்கரைக்கு ஆகாது. காலில் ஒட்டி நீருக்குள் போய், வடிகட்டியை அடைக்கும்.

இந்தப் புல்லின் பரவலுக்கு வறட்சி பெரிய காரணம். லாஸ் வேகாஸ் பகுதியில் புல்வெளியை அகற்றுவோருக்குப் பணம் கொடுக்கும் திட்டம் 1999இல் தொடங்கியது. கலிபோர்னியாவில் 2015 ஏப்ரலில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். அதுவரை பல வீட்டு உரிமையாளர் சங்கங்கள் செயற்கைப் புல்லுக்குத் தடை விதித்திருந்தன. அவ்வாறு தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது.

ஆனால் குளக்கரையில் நடப்பது வெறுங்காலில். 2002இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் தங்கள் விளையாட்டுக் களத்தை அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 பாகை செல்சியஸ் இருந்த நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 பாகையைத் தொட்டது. தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். 79 பாகையிலிருந்து 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49 ஆனது, இருபது நிமிடத்தில் 73. தண்ணீரை மிச்சப்படுத்த விரித்த தரைக்கு, குழந்தைகளின் பாதத்தைக் காக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சன்னல் கண்ணாடிகளின் எதிரொளி பட்டு இழைகள் உருகிச் சுருண்டதும் உண்டு.

நுண்பிளாஸ்டிக், வேதிப்பொருள்கள் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டதால் 2023இல் கலிபோர்னியா தன் சட்டத்தைத் திருத்தி, செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் உரிமையை உள்ளாட்சிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. முன்பே விரித்தவர்கள் அதன் ஆயுள் முடிந்ததும் என்ன செய்வது என்பது வேறு சிக்கல். இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி வேறொன்று, இடையே மணல். பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால் பெரும்பகுதி குப்பைமேட்டுக்கே போகிறது. ஆஸ்ட்ரோடோமின் பழைய புல்லுக்கு மட்டும் வேறு விதி வாய்த்தது. 2013இல் அதைச் சிறு சதுரங்களாக வெட்டி விற்றபோது, ஹூஸ்டன் மக்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றார்கள்.