பயிற்சியின் அளவும் தொழிலின் தேவையும்: மூளைக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் வீடியோ விளையாட்டுகள் – பழவேற்காட்டு மீனவ ஊர்களை முன்வைத்து

1. சிக்கல்

மூளைக் காயத்தின் முதல் சில மணி நேரங்களுக்குத் தமிழ்நாட்டில் இன்று ஓரளவு வலுவான ஏற்பாடு இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. பக்கவாதம் வந்தவரை உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற விழிப்பும் பரவியிருக்கிறது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவரின் அடுத்த ஆறு மாதங்களைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. ‘கை கால் விழுந்துவிட்டது’ என்று ஊர் சொல்லும் நிலையிலிருந்து அவர் எவ்வளவு மீள்வார் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை அந்த மாதங்களே.

அந்த இடைவெளியை நிரப்பும் கருவியாக வீடியோ விளையாட்டுகள் முன்வைக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றால் கிடைக்கும் நன்மை திரையிலிருந்து வருவதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். விளையாட்டு கூட்டித்தரும் பயிற்சியின் அளவும், முயற்சியின் விளைவு உடனுக்குடன் தெரிவதும், திறனுக்கேற்பக் கடினம் ஏறுவதுமே அதன் பயனுக்குக் காரணம். அப்படியானால், மருத்துவமனையிலிருந்து தள்ளியிருக்கும் ஓர் ஊருக்கு எந்த விளையாட்டுக் கருவியை வாங்கித் தரலாம் என்பது இரண்டாவது கேள்விதான். அந்த ஊரின் தொழில் எந்த உடலசைவையும் எந்த மனத்திறனையும் கேட்கிறது என்பதே முதல் கேள்வி. இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கப் பழவேற்காட்டு ஏரியின் மீனவ ஊர்களைத் தேர்ந்துகொள்கிறேன்.

2. விளையாட்டு எதைக் கூட்டுகிறது

1996இல் ராண்டால்ஃப் நூடோவும் சகாக்களும் சிறு குரங்குகளின் மூளையில், கையை இயக்கும் பகுதியில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தி ஆராய்ந்தனர். பயிற்சி பெறாத குரங்குகளின் மூளையில், காயத்தைச் சூழ்ந்திருந்த நல்ல பகுதியிலும் கைக்குரிய இடம் சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து உணவு உருண்டைகளை எடுக்கும் பயிற்சியை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்த குரங்குகளில் அந்த இடம் காக்கப்பட்டது. பயிற்சியின் அளவு மூளையின் அமைப்பையே மாற்றும் என்பதை அந்த ஆய்வு நிறுவியது.

மருத்துவமனைகளில் நடப்பது வேறு. கேத்தரின் லாங் குழுவினர் 312 சிகிச்சை அமர்வுகளை உற்றுநோக்கி 2009இல் வெளியிட்ட ஆய்வில், கையைப் பயன்படுத்தும் செயல்சார் அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 மட்டுமே என்று கண்டனர். வசதியான நாடுகளின் மறுவாழ்வு மையங்களிலேயே நிலைமை இதுதான். முப்பதுக்கும் நூற்றுக்கணக்குக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தைத் தாண்டவே விளையாட்டு தேவைப்படுகிறது. ஒரே அசைவை முந்நூறு முறை செய்யச் சொன்னால் எவரும் சலித்துப்போவார். அதையே பந்து தடுப்பதாகவோ மீன் பிடிப்பதாகவோ மாற்றினால் எண்ணிக்கை தெரியாமலே ஏறும்.

3. சான்றுகள் சொல்வது

சப்போஸ்னிக் தலைமையில் கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளின் 14 மையங்களில் நடந்த ‘எவ்ரெஸ்ட்’ ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. பக்கவாதம் வந்து மூன்று மாதங்களுக்குள் இருந்த 141 பேரில் ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு நின்டெண்டோ வீ விளையாடினர். மற்றப் பிரிவினர் அதே நேர அளவுக்குச் சீட்டாட்டம், கட்டை அடுக்குதல், பந்து விளையாட்டு போன்ற எளிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டனர். இரு பிரிவினரின் கையும் தேறியது; இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

72 ஆய்வுகளையும் 2,470 பங்கேற்பாளர்களையும் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் இதே திசையில்தான் சுட்டுகிறது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக மெய்நிகர் விளையாட்டைத் தந்தபோது கையின் செயல்திறனில் கூடுதல் நன்மை இல்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத் தந்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது நன்மை தெரிந்தது. ஜான் கிராக்கவர் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் தம் கையசைவால் திரையில் ஒரு டால்பினைக் கடலில் நீந்தவைத்தனர். அந்த விளையாட்டும் அதே நேர அளவுக்குத் தீவிரமாகத் தந்த வழக்கமான சிகிச்சையும் ஒத்த பலனையே தந்தன.

இந்த முடிவுகளை விளையாட்டின் தோல்வியாகப் படிக்கக் கூடாது. நேரமும் முயற்சியும் சமமாக இருந்தால் சீட்டுக்கட்டும் கட்டைத்துண்டும் விலையுயர்ந்த கருவிக்கு ஈடாக நிற்கும் என்பதே அவற்றின் பொருள். வசதி குறைந்த ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. வணிகக் கருவிகளை நம்புவதில் இன்னோர் இடரும் உண்டு. மறுவாழ்வு ஆய்வுகள் பல சார்ந்திருந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட் 2010இல் வந்தது. 2017இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. பொழுதுபோக்குச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவியின் ஆயுளைச் சந்தைதான் தீர்மானிக்கும்.

4. ஏரித் தொழில் கேட்கும் உடல்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. ஆந்திரத்திலும் திருவள்ளூர் மாவட்டத்திலுமாக விரிந்துகிடக்கும் இந்த ஏரி ஆழம் குறைந்தது. சேற்றில் கம்பு ஊன்றி வலை கட்டுவோர், முகத்துவாரம் கடந்து ஃபைபர் படகில் கடலுக்குப் போவோர், ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர், பனையோலை முடையும் பெண்கள் என இங்கே பிழைப்பு பலவகை. இவை அனைத்தும் கையை நம்பியவை. ஆனால் ஒவ்வொன்றும் கையிடம் கேட்பது வேறு.

கேமரா வழியே இயங்கும் விளையாட்டில் கை வெற்றுவெளியில் அசைகிறது. விரல்கள் எதையும் தொடுவதில்லை, இறுகப் பற்றுவதுமில்லை. எல்லாத் தகவலும் கண் வழியே வருகிறது. கலங்கிய நீருக்குள் இறாலைத் தேடுபவருக்கோ கண்ணால் பயனில்லை. விரல்நுனியின் உணர்வே வழிகாட்டி. பக்கவாதத்துக்குப் பின் பலருக்குத் தொடுவுணர்வும் மங்கிவிடுகிறது. அத்தகையவருக்குத் திரை விளையாட்டு தோளையும் முழங்கையையும் பழக்கலாம். தொழிலுக்கு உயிரான தொடுவுணர்வை அது தொடாது. ஒரு பேசின் மணலில் சிப்பியையும் கூழாங்கல்லையும் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பிரித்தெடுக்கும் பயிற்சி அவருக்கு நேரடியாக உதவும்.

படகில் நிற்பதும் அத்தகையதே. அசையாத தரையில் திரையைப் பார்த்து எடையை இடம் வலமாக மாற்றப் பழகியவர், ஆடும் படகில் இரு கையாலும் வலையை இழுக்கும்போது நிலைதடுமாறாமல் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. மூளைக் காயத்துக்குப் பின் வலிப்பு வரும் வாய்ப்பு உள்ளவர் தண்ணீரில் தனியே இறங்குவது உயிருக்கே ஆபத்து. விளையாட்டில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒருவரைத் தொழிலுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவரின் மதிப்பீடு வேண்டும்.

மதிப்பெண்ணிடம் இன்னொரு குறையும் இருக்கிறது. கை நீளாதபோது நோயாளி உடலை முன்னே சாய்த்து இலக்கைத் தொட்டுவிடுவார். விளையாட்டு அதையும் வெற்றியாகவே எண்ணும். திரும்பத் திரும்பச் செய்தால் கை மீள்வதற்குப் பதிலாக அந்த மாற்றுவழி வேரூன்றும். நாற்காலி முதுகோடு மார்பைத் துணியால் அணைத்துக் கட்டி முழங்கையை நீட்டவைப்பது சிகிச்சையாளர்கள் அறிந்த எளிய உத்தி. ஆனால் அதைக் கட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்ல அங்கே ஒரு கண் வேண்டும்.

5. நினைவும் திட்டமிடலும்

மூளைக்கான விளையாட்டுகள் என்று விற்கப்படுபவற்றை இதைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். 2010இல் ‘நேச்சர்’ இதழில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரிடம் ஆறு வாரம் நடத்திய ஆய்வு வெளியானது. நலமாக இருந்த அந்தப் பங்கேற்பாளர்கள் பழகிய விளையாட்டில் முன்னேறினர். பழகாத வேலைகளுக்கு அந்த முன்னேற்றம் பரவவில்லை. ‘லூமாசிட்டி’ நிறுவனம் தன் விளையாட்டுகளைப் பற்றிச் சான்றில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வழக்குத் தொடுக்க, 2016இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் இதற்கு மாற்றான ஒரு மரபு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட அறிதிறன் மீள்பயிற்சி முறையில், கலந்துகிடக்கும் தானியங்களைப் பிரித்தெடுப்பதும் தாளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் தேடி அடிப்பதும் கவனத்தைப் பழக்கும் வேலைகளாக அமைந்தன. வீட்டிலிருக்கும் பொருளே கருவி. கடினத்தைப் படிப்படியாக ஏற்றலாம். எவ்வளவு நேரம், எத்தனை பிழை என்று எழுதிவைக்கலாம். ஒரு நல்ல விளையாட்டுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பழவேற்காட்டில் இதை இன்னும் முன்னெடுத்துச் செல்லலாம். இங்கு வழங்கும் ‘பாடு’ முறை, எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை இடுவது என்பதைத் தலைக்கட்டுகளுக்கிடையே முறைவைத்துப் பங்கிடுகிறது. தன் முறை எப்போது என்று நினைவில் வைப்பது, அமாவாசை பௌர்ணமி நீரோட்டத்தைக் கணிப்பது, பிடித்ததை விற்றுப் பங்கு பிரிப்பது ஆகியவற்றுக்கு நினைவும் திட்டமிடலும் கணக்கும் ஒருசேரத் தேவை. தலையில் அடிபட்ட ஒரு மீனவர் இழந்து தவிப்பது இந்தத் திறன்களைத்தான். வண்ணக் கட்டங்களைப் பொருத்தும் விளையாட்டைவிட, நாட்காட்டியும் கணக்குநோட்டும் வைத்து இந்த வேலைகளையே சிறு படிகளாக உடைத்துப் பழக்குவது நியாயமானது.

6. யார் பொறுப்பு

இவ்வளவு எளிய பொருள்கள் போதுமென்றால் குடும்பத்திடமே ஒப்படைத்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த முடிவுக்கு அவசரப்படக் கூடாது. 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘அட்டென்ட்’ ஆய்வு இந்தியாவின் 14 மையங்களில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்தது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து, அவர்களே வீட்டில் மறுவாழ்வைத் தொடரச் செய்தனர். ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு, வேறுபாடே இல்லை. மனைவியோ மகளோ மீன் விற்கப் போயாக வேண்டிய வீட்டில் சிகிச்சையாளரின் சுமையையும் அவர்மேல் ஏற்றுவது அறமுமன்று, பயனுமன்று.

கருவிக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. விரலைத் தானாக அசைக்கவே முடியாதவருக்குச் சீட்டாட்டமும் மணல் தேடலும் பயன்படா. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் இணைந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ ரோபோ இத்தகையவர்களுக்கானது. ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டையும் முன்கையையும் விரல்களையும் அது பழக்குகிறது. நோயாளியால் இயலாத மீதி அசைவைக் கருவி தாங்கிக்கொள்ள, திரையில் விளையாட்டு நடக்கிறது. இங்கேயே வடிவமைத்ததால் இங்கேயே பழுதுபார்க்கவும் மேம்படுத்தவும் இயலும்.

7. முடிவும் பரிந்துரையும்

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே சென்று இயன்முறைச் சிகிச்சை தருவதையும் தன் பணியாகக் கொண்டது. பழவேற்காட்டுக்கான மறுவாழ்வை இந்த அமைப்பின் மேல்தான் கட்ட வேண்டும். அதற்கு மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, சிகிச்சையாளர் எத்தனை முறை வந்து போனார் என்பதோடு, நோயாளி எத்தனை அசைவுகள் செய்தார் என்பதும் பதிவாக வேண்டும். ஒரு நிமிடத்தில் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு எத்தனை கட்டைகளை மாற்றுகிறார் என்று எண்ணும் எளிய சோதனையே முன்னேற்றத்தை அளக்கப் போதும். இரண்டாவது, பயிற்சிகளை அவரவர் தொழிலிலிருந்து வகுக்க வேண்டும்: வலையின் கிழிசலைப் பின்னி அடைப்பவருக்கு ஊசியும் நூலும், ஓலை முடைபவருக்கு ஓலை, இறால் துழாவுபவருக்கு மணலும் நீரும். கைப்பேசி விளையாட்டை விரும்புவோருக்கு அதையும் இவற்றோடு சேர்க்கலாம். மூன்றாவது, புளூட்டோ போன்ற கருவிகளை வீடுவீடாகத் தராமல் பொன்னேரி போன்ற வட்டத் தலைநகரில் வைத்து, கை அறவே அசையாதவர்களுக்கு முதலிடம் தர வேண்டும்.

இம்மூன்றையும் செய்துபார்த்து ஓராண்டின் அளவீடுகளை வெளியிட்டால், இந்த வாதம் சரியா தவறா என்பதைப் பழவேற்காட்டின் சான்றே சொல்லிவிடும். கருவி வாங்குவதற்கான நிதியைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடங்குவதே முறை.