ஔடத தானமும் வாயில்லா உயிர்களும்

நம் அறநூல்கள் கூறும் தானங்கள் நான்கு: ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம். இவற்றுள் ஔடத தானத்தை மாந்தர்க்கே உரியதென நாம் காலப்போக்கில் சுருக்கிக்கொண்டோம். வரலாறு அவ்வாறு சுருக்கவில்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதை அறிவிக்கிறது. அவ்வறம் சென்று சேர்ந்த நாடுகளுள் பாண்டிய நாடும் ஒன்று. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததையும் அக்கல்வெட்டால் அறிகிறோம். அசோகர் பௌத்த நெறியினர். எனினும் உயிர்களிடத்து அவர் காட்டிய அருள் நமக்கு அயலானதன்று.

திருத்தக்கதேவர் இவ்வருளைக் காப்பியமாக்கினார். உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் துடிக்கும் நாயைக் காண்கிறான் சீவகன். மருந்தின் எல்லையைக் கடந்துவிட்ட அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னாளில் சீவகனைச் சாவினின்று காக்கிறது.

வடபுலத்துச் சமணர் பிஞ்சரப்போல் என்னும் விலங்குக் காப்பகங்களை நெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திர் வளாகத்தில், அடிபட்ட பறவைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்யும் சமணர் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலியை நம்பி வாழும் வீடுகளிலும் ஓர் ஆடோ நாயோ பிள்ளைபோல் வளர்கிறது. அரசு கால்நடை மருத்துவமனை உண்டு. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கால்நடைப் பாதுகாப்புத் திட்டத்தின் முகாம்கள் சிற்றூர்களுக்கும் செல்கின்றன. ஆயினும் நோயுற்ற நாயைத் தூக்கிச் செல்ல ஆட்டோ வாடகை வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். சில மருந்துகளை வெளியே வாங்க வேண்டும். இவற்றுக்கு வழியற்றவர், அன்பில்லாமையால் அன்று, கையறு நிலையாலேயே அவ்வுயிரைக் குளக்கரையில் விட்டுவருகின்றனர். அங்கே ஒரு வேளை மருந்து கிடைத்திருப்பின் அவ்வுயிர்க்கு வீடும் நிலைத்திருக்கும். ஏழையின் வளர்ப்புயிரைப் பொறுத்தவரை ஔடத தானமே அபய தானமும் ஆகிறது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டிச் சாலையில் கழுகுமலை உள்ளது. அங்குள்ள பாறைச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளைக் காணலாம். பல ஊர்களைச் சேர்ந்த ஆடவரும் குரத்தியர் முதலிய பெண்டிரும் தத்தமக்கு இயன்றவாறு ஒவ்வொரு திருமேனியைச் செய்வித்தனர். ஒரு மன்னன் மட்டும் செய்த பெருங்கொடையன்று அது; பலர் தந்த சிறுகொடைகளின் தொகுதி.

அவ்வழியில், ஆண்டுதோறும் மகாவீரர் பிறந்தநாளில், கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து எளியோரின் வளர்ப்புயிர்களுக்கு ஒருநாள் முகாம் நடத்தலாம். குடும்பத்துக்கு ஒரு மருந்தின் விலை, ஒரு வண்டிச் செலவு எனப் பங்கிட்டுக்கொண்டால் போதும். கல்லில் பெயர் பொறிக்க வேண்டியதில்லை. மீண்டும் வாலாட்டும் ஓர் உயிர் அதனை நினைவில் கொள்ளும்.