வளவ்வ விடுதி

கண்டிச் சிங்களப் பிரதானிகளின் பழைய மாளிகையைச் சீரமைத்து அமைக்கும் சிறு தங்குவிடுதி. ‘வளவ்வ’ என்ற சிங்களச் சொல் நம் ‘வளவு’ என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், மகாவலி ஆற்றின் மறுகரையில், குண்ணேபானவிலுள்ள அமுணுகம வளவ்வ இதற்கு நல்ல உதாரணம். நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆண்ட 1804ஆம் ஆண்டில், அவனது அரசவைப் பிரதானி ஒருவர் கட்டியது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடம் பயின்ற சன்ன தஸ்வத்த இதைச் சீரமைத்தார். இப்போது ‘கண்டி ஹவுஸ்’ என்ற பெயரில் இயங்குகிறது. அறைகள் பத்தைத் தாண்டா.

வீட்டின் உயிர் நடுமுற்றம். நாற்புறமும் சரிந்த ஓட்டுக்கூரை மழையை அங்கே இறக்கும். வெளிச்சமும் காற்றும் அதன்வழியே அறைகளுக்குள் வரும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தடித்த சுவர் பகல் வெம்மையைத் தடுக்கும். கூரையையும் முற்றத்தையும் கலைக்காமல் குளியலறை, மின்வசதி சேர்ப்பதே சீரமைப்பவருக்குக் கடினமான வேலை.

இத்தாலியின் மதேராவில் 1950களில் அரசு மக்களை வெளியேற்றிய குகை வீடுகளும் இவ்வாறே விடுதிகளாயின. அங்கே வறுமையின் குடில். இங்கே அதிகாரத்தின் வீடு. 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பின்னும் அமுணுகம வளவ்வ நின்றது.